ஆறு பீஸைத் தனியாக வைக்கச் சொன்ன எஸ்தர் அக்கா

அந்த வியாழக்கிழமை ஆம்பூரிலிருந்து வந்த பஸ் மாதனூரில் நின்றபோது, வழக்கமாக ஜன்னலுக்கு வெளியே நீளும் கை நீளவில்லை. எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு, "ஏய் சைலன்ஸர், இங்க வா" என்று கூப்பிடும் கை அது. டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "அந்தக்கா இன்னிக்கு ஏறலம்மா" என்றார். பள்ளிகொண்டா தாண்டும்போது எஸ்தர் அக்காவின் மகள் ஜெனிபர் அக்கா போன் செய்தார். "அம்மா போய்ட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பத் தல வாரினு இருந்தாங்க, அப்டியே சாஞ்சிட்டாங்க. நீ எறங்கித் திரும்பி வந்துடாத. போயி மெஷின்ல படு. அம்மா இருந்தா அதத்தான் சொல்லுவாங்க."

நான் போய்ப் படுத்தேன். அவருடைய கட்டிலில் அன்றைக்கு யாரையும் படுக்க வைக்கவில்லை.

இந்த முப்பதாம் நாள் ஜெபத்தில் நானும் பேச வேண்டும் என்று ஜெனிபர் அக்கா கேட்டார். கூட்டத்துக்கு முன்னால் நிற்க எனக்கு வராது. எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள் என்றேன். இங்கே வந்திருக்கும் உங்களில் பலர் ஷூ கம்பெனியில் தையல் லைனில் அவரோடு வேலை செய்தவர்கள். உங்களுக்குத் தெரிந்தவர் லைன் சூப்பர்வைசர் எஸ்தர். எனக்குத் தெரிந்தவர் இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய், வாரத்தில் மூன்று நாள் வேலூரில் என் பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸுக்குப் படுத்திருந்தவர். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதை நீங்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நான் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே சேர்ந்தவள். எங்கள் அறையில் ஆறு கட்டில். மூலையில் இம்தியாஸ் பாய். பேரணாம்பட்டில் தோல் மண்டி வைத்திருந்தவர். எதிரில் மூன்று பெரியவர்கள், பெரும்பாலும் தூங்குவது போலக் கண்ணை மூடியிருப்பார்கள். நான் முதல் மாதம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. எஸ்தர் அக்கா எனக்கும் சேர்த்துப் பேசினார். நர்ஸ் பிரின்சி சிஸ்டர் என்னிடம் "சாப்டியா?" என்று கேட்டால், "ரெண்டு இட்லி சாப்டுச்சு, சட்னி பிடிக்கல" என்று பதில் அடுத்த கட்டிலிலிருந்து வரும். சட்னி பிடிக்காதது எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்று வரை தெரியாது.

எங்கள் நோயில் ஓர் அரிப்பு உண்டு. வெளி ஆட்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரும் சொல்வதில்லை. தோலில் பார்த்தால் ஒன்றுமே இருக்காது. உள்ளுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், சொறிந்தாலும் அடங்காது. மெஷினில் இருக்கும்போது ஊசி போட்ட கையை அசைக்கக் கூடாது. இன்னொரு கையில் சீப்பை வைத்துக்கொண்டு முதுகைத் தேய்த்துக்கொள்வோம். பகலை எப்படியோ ஓட்டிவிடலாம். போவது தூக்கம்தான். தூக்கம் போனால் மனுஷன் எதற்கும் ஆகாமல் போய்விடுகிறான்.

ஒரு நாள் பஸ்ஸில் நாங்கள் இருவரும் சொறிந்துகொண்டு வருவதைப் பார்த்து, பக்கத்தில் இருந்த அம்மா தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எஸ்தர் அக்கா அந்த அம்மா பக்கம் திரும்பினார். "பயப்படாத மா, இது ஒட்டாது. ஒட்டறதா இருந்தா மொதல்ல என் வூட்டுக்காரருக்கு ஒட்டியிருக்கும். அவரு நல்லா கொறட்ட வுட்டுத் தூங்கறாரு. பாத்தா எனக்கே வயித்தெரிச்சலா இருக்குது." அந்த அம்மா சிரித்துவிட்டார். வேலூர் வரும் வரை தன் மாமியாரைப் பற்றி எங்களிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

போன வருஷம் டாக்டர் நிவேதா எங்கள் அறைக்கு ஒரு ஆராய்ச்சியோடு வந்தார். வேறொரு நோய்க்கு ஏற்கெனவே கொடுத்துவரும் ஒரு மாத்திரை இந்த அரிப்பை அடக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பல ஊர் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்கிற வேலை. பாதிப் பேருக்கு அசல் மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"டாக்டரம்மாக்கே தெரியாதா?" என்றார் இம்தியாஸ் பாய். "அப்ப யாருக்குத்தான் தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல இருக்கும் பாய். கடைசியிலதான் தொறந்து பாப்போம்."

"எங்க கம்பெனியிலயும் அப்டித்தான் மேடம்," என்றார் எஸ்தர் அக்கா. "டார்கெட் யாரு போட்டதுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது."

ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கு ஒரு டப்பா கொடுத்தார்கள். டயாலிசிஸ் முடிந்த ஒவ்வொரு நாளும் ஒரு மாத்திரை. வாரம் ஒருமுறை பிரின்சி சிஸ்டர் மீதி மாத்திரையை எண்ணுவார். அரிப்பு எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்வார்.

முதல் வாரமே எஸ்தர் அக்கா அறிவித்துவிட்டார். "எனக்கு வந்தது ஒரிஜினல். நேத்து படுத்தவதான், எந்திரிச்சா பால்காரன் சத்தம்."

இம்தியாஸ் பாய்க்கு ஒரு மாற்றமும் இல்லை. "எனக்குச் சுண்ணாம்பத்தான் குடுத்திருக்காங்க. நம்ம நசீப் அவ்ளோதான்." எனக்கும் மாற்றம் இல்லை என்பதை என் முகத்தைப் பார்த்தே அக்கா தெரிந்துகொண்டார்.

இதற்கு மேல் நடந்தது உங்களில் லைனில் வேலை செய்தவர்களுக்கு உடனே புரியும். சாயங்காலம் நேரம் முடியும்போது யாராவது ஒரு பெண்ணுக்கு மெஷின் மக்கர் செய்து தைத்த பீஸ் குறைந்திருந்தால், கூடுதலாகத் தைத்தவர்கள் தங்கள் பீஸில் கொஞ்சம் எடுத்து அவள் கூடையில் போட்டுவிடுவீர்களாமே. எண்ணிக்கை எல்லாருக்கும் ஒன்று போல வரும், யாருக்கும் திட்டு கிடையாது. அதை ஆரம்பித்து வைத்ததே எஸ்தர் அக்கா என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"நான் மட்டும் தூங்கினு, இந்தப் பொண்ணு ராவெல்லாம் முழிச்சினு இருந்தா இன்னா நியாயம்? எல்லாத்தயும் கொண்டாங்க."

ஆஸ்பத்திரி கேன்டீனுக்குப் பின்னால் ஒரு பெஞ்ச் இருக்கிறது. அதில் உட்கார்ந்து, அவருடைய டிபன் பாக்ஸ் மூடியில் ஆறு டப்பா மாத்திரைகளையும் கொட்டினார். இட்லி மாவைக் கலக்குவது போல ஒரு கலக்குக் கலக்கி, திரும்பவும் ஆளுக்குச் சமமாகப் போட்டார். "இன்னிக்கு வெறும் மாத்திர வந்தா நாளன்னிக்கு ஒரிஜினல் வரும். யாருக்கும் முழுசா இல்லன்னு இருக்காது." இம்தியாஸ் பாய், "பக்ரீத்துக்குக் கறி பங்கு போடறப்பகூட இவ்ளோ கரெக்டா வராது" என்று மெச்சினார். வாராவாரம் இது நடந்தது. எண்ணிக்கை ஒன்றுகூடத் தப்பாது. பிரின்சி சிஸ்டர், "இந்த ரூம் மாதிரி ஒழுங்கு எங்கயும் இல்ல" என்று பாராட்டியபோது எஸ்தர் அக்கா கூரையைப் பார்த்தார்.

ஒன்றை உள்ளபடியே சொல்ல வேண்டும். எங்களுக்கு அரிப்பு கொஞ்சம் குறைந்தது. சில நாள் தூங்கினோம், சில நாள் இல்லை. முன்பு ஒரு நாளும் தூங்காதவர்களுக்கு அது பெரிய விஷயம்.

சில மாதம் கழித்து டாக்டர் நிவேதா அறையின் நடுவில் நின்றுகொண்டு எண்கள் எழுதிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் அக்காவுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"இன்னா மேடம், மொகம் வாடிப் போயிருக்குது?"

"ஒண்ணுமில்லக்கா. மத்த ரூம்ல சில பேருக்கு நல்லாக் கொறையுது, சில பேருக்குக் கொறையவே இல்ல. உங்க ரூம்ல மட்டும் ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. ஆறு பேரும் ஒரே மாதிரி."

"அதனால இன்னா?"

"மருந்து சாப்பிட்டவங்களுக்கும் சாப்பிடாதவங்களுக்கும் வித்தியாசம் இருந்தாத்தானே மருந்து கேக்குதுன்னு சொல்ல முடியும்? வித்தியாசம் இல்லன்னா, இது கேக்கலன்னு எழுதி மூட வேண்டியதுதான். அப்புறம் யாருக்கும் குடுக்க மாட்டாங்க."

அவர் போனதும் எஸ்தர் அக்கா தன் டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இம்தியாஸ் பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. "இந்தாம்மா, வாய வச்சினு சும்மா இரு. சொன்னா மாத்திரையப் புடுங்கிக்குவாங்க. இப்பத்தான் கொஞ்சம் கண்ண மூடறேன். பேஜார் பண்ணாத."

"அப்ப ஊர்ல மத்தவங்க தூக்கம்?"

"ஊர்ல இருக்கறவன் எனக்கு இன்னா தோஸ்தா?"

அக்கா என்னைப் பார்த்தார். அந்த மாத்திரை போனால் அவருக்கும் தூக்கம் போகும், எனக்கும் போகும். "நீ இன்னா சொல்ற, சைலன்ஸர்?" என்றார். நான் கையில் இருந்த டப்பாவை அவர் கட்டிலில் வைத்தேன். "சரி" என்றார்.

அன்று மெஷினிலிருந்து எழுந்ததும் டாக்டர் அறைக்குப் போனார். தலை சுற்றினால் பிடித்துக்கொள்ள என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: கேன்டீன் பெஞ்ச், டிபன் பாக்ஸ் மூடி, கலக்கியது, பங்கு போட்டது. யோசனை தன்னுடையது, மற்ற ஐந்து பேர் மேல் தப்பில்லை என்றும் சொன்னார்.

டாக்டர் நிவேதா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "மாத்திரைய மாத்திச் சாப்பிட்டு யாராவது மயங்கி விழுந்திருந்தா இன்னாக்கா பண்ணியிருப்பேன் நான்?" என்றார். எங்கள் பேச்சே அவர் வாயில் வந்துவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. "இத்தன நாள் சொல்லாதத இப்ப ஏன் சொல்றீங்க?"

எஸ்தர் அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மேடம், கெட்ட பீஸ நல்ல பீஸோட கலந்து பெட்டி கட்டி அனுப்பினா, வெளிநாட்டுல இருந்து மொத்த லாட்டும் திரும்பி வந்துடும். நல்லாத் தெச்சவ ஒழப்பும் வீணாப் போவும். நான் பாத்திருக்கேன். எங்க ஆறு பீஸ எடுத்துத் தனியா வச்சிடுங்க. மிச்ச லாட்டு போவட்டும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உக்காருங்கக்கா" என்று நாற்காலியைக் காட்டினார். "நானும் சரியாச் சொல்லிக் குடுக்கல. யாருக்கு எதுன்னு தெரியாதுன்னு சொன்னேன். ஏன் அப்டின்னு சொல்லல."

மேலே எழுதி அனுப்பினார்கள். எங்கள் ஆறு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்தார்கள். டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்தோம். கொஞ்ச நாளிலேயே சீப்புகள் வெளியே வந்தன.

அறையில் அக்காமேல் கோபம்தான். எதிரில் இருந்த பெரியவர்கள் கண்ணைத் திறக்கவே இல்லை. இம்தியாஸ் பாய் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அக்கா கெஞ்சவில்லை. கிரிக்கெட் நடக்கும் நாட்களில் டிவியைப் பார்த்துக்கொண்டு என்னிடம் தப்புத் தப்பாகச் சொல்ல ஆரம்பித்தார். "பாரு, நோ பால் போட்டவன அவுட்டுன்னு அனுப்பிட்டாங்க." "இது கோல் மாதிரி, நாலு பேரு ஓடினா நாலு ரன்னு." கிரிக்கெட் பைத்தியமான இம்தியாஸ் பாய் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஒரு நாள் அக்கா, "அந்த வெள்ள சட்டக்காரன் ஏன் வெளையாடாம நிக்கறான், சோம்பேறி" என்று அம்பயரைக் காட்டியதும் அவரால் முடியவில்லை. "அல்லாவே, வாய மூடும்மா, அவரு அம்பயரு" என்று கத்தினார். மூலையில் இருந்த மெஷின்கூட அலாரம் அடித்தது. அன்றிலிருந்து இருவரும் பழையபடி சண்டை போட்டார்கள்.

டாக்டர் நிவேதா அவரை விடவில்லை. புதிதாக ஆராய்ச்சியில் சேர்கிறவர்களுக்கு விளக்கும்போது, "நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க" என்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போவார். டயாலிசிஸ் முடிந்து, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்கா மற்ற அறைகளுக்குப் போவார். நானும் பின்னால் போவேன். "பிரியாணியப் பங்கு போடு, பொங்கலப் பங்கு போடு, இதப் போடாத. உன் மாத்திர உன் வாய்க்கு" என்பார். ஒரு பெரியவர், "எனக்கு வெறும் மாத்திரன்னா நான் எதுக்கு வந்து எண்ணிக் குடுக்கணும்?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைப் பிறகு டாக்டரே பல இடத்தில் சொன்னாராம். "பக்கத்துல வச்சிப் பாக்க ஒண்ணு இல்லன்னா ஷூ நல்லாருக்கா இல்லையான்னு எப்டிப்பா தெரியும்? வெறும் மாத்திர துன்றவரும் வேலதான் செய்றாரு. பாதி வேல அவரோடது."

இதையெல்லாம் அவர் நன்றாகத் தூங்கிவிட்டு வந்து சொல்லவில்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கும். முழங்கையில் சொறிந்த தடம் இருக்கும். "ரிசல்ட் வர்ட்டும்" என்பார். "வந்தா எனக்குத்தான் மொத டப்பா."

ரிசல்ட் வந்தபோது அவர் இல்லை. அடக்கம் முடிந்த இரண்டாவது வாரம் டாக்டர் நிவேதா எங்கள் அறைக்கு வந்தார். கையில் தாள் எதுவும் இல்லை. மருந்து கேட்கிறது என்றார். எல்லாருக்கும் இல்லை, ஆனால் நிறையப் பேருக்கு. இனி வேண்டியவர்களுக்கு எழுதித் தரலாம். சொல்லிவிட்டு, துணி மாற்றி வைத்திருந்த அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்தார். "உங்க ஆறு பேரையும் சேத்திருந்தா வித்தியாசம் மங்கிப் போயிருக்கும். எடுத்து வச்சதுக்கு அப்புறம்தான் தெளிவாத் தெரிஞ்சது" என்றார்.

அதற்கடுத்த நாட்களில் ஜெனிபர் அக்கா அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அம்மாவுக்குக் கொடுத்தது எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு நேராக எங்கள் அறைக்கு வந்து, கதவருகே நின்று, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சொன்னார்:

"அம்மாதுதான் வெறும் மாத்திர."

முதல் வாரமே படுத்ததும் தூங்கிய எஸ்தர் அக்கா. ஒரிஜினல் தனக்குத்தான் என்று நம்பி, பாவப்பட்டு எங்களுக்கெல்லாம் பங்கு போட்டவர். இம்தியாஸ் பாய்தான் முதலில் சொன்னார்: "அப்ப இத்தன நாளா சுண்ணாம்பக் குடுத்துட்டு நம்ம மருந்த வாங்கினு போயிருக்காளா?" எதிர்க் கட்டில் பெரியவர்கள் கண்ணைத் திறந்து சிரித்தார்கள். பிரின்சி சிஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். ஊசி இருக்கிற கையை அசைக்காமல் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. இம்தியாஸ் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஏமாத்திட்டியேம்மா" என்று காலிக் கட்டிலைப் பார்த்துச் சொன்னார். அவர் கண்ணைத் துடைத்தது சிரிப்பினால் மட்டும் இல்லை.

லைனில் இருந்தவர்களே, உங்களிடம் அவர் விட்டுப் போனது என்னவென்று நீங்கள் சொல்லுங்கள், கேட்க எனக்கு ஆசை. என்னிடம் அவருடைய பொருள் எதுவும் இல்லை. இரண்டு வாரமாக அந்த மாத்திரையை நான் சாப்பிடுகிறேன். இப்போது அது என் பெயருக்கு எழுதித் தந்தது, என் வாய்க்கு மட்டும். தன் தூக்கம் போகும் என்று தெரிந்தே போய் உண்மையைச் சொன்ன ஒருவரால் எனக்குக் கிடைத்த தூக்கம், அதுதான் அவரிடமிருந்து நான் வைத்திருப்பது. இன்றைக்குக் காலையில் அம்மா என்னை மூன்று தடவை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. நாலாவது தடவை போர்வையை இழுத்தபோது, பள்ளிக்கூடம் போன காலத்துக்கு அப்புறம் முதல்முறையாக, "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். அம்மா போர்வையை மறுபடி என்மேல் போட்டுவிட்டுப் போனார்.